எவ்வூர் செல்வோம்?

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னின்ன நிலங்களைக் கடப்பாய், இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இறுதியில் இன்ன வள்ளலைக் காண்பாய் என்று வழி கூறுவதே அவ்விலக்கியத்தின் அமைப்பு. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் இதனைக் கற்பித்து வரும் நாம், நமக்கே ஆற்றுப்படை கூறப் பலர் முன்வரும் நாள் ஒன்று வாய்க்கும் என எண்ணியதில்லை. 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அது வாய்த்தது.

அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நம் தம்பி மென்பொருள் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். அவனுடைய நெடுநாள் அழைப்பினை ஏற்று, எழுபத்திரண்டு வயதான நம் தாயாரையும், துணைவியாரையும், பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த மகனையும் அழைத்துக்கொண்டு அங்குச் சென்றோம். நான்கு வாரம் தங்குவதாக ஏற்பாடு. ஆனால் தம்பிக்குக் கிடைத்த விடுப்போ ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தில் எந்த ஊரைக் காண்பது என்னும் வினா, சென்று சேர்ந்த மூன்றாம் நாள் இரவு உணவுக்குப் பின் எழுந்தது. தம்பி அந்நாட்டின் வரைபடத்தைத் தரையில் விரித்தான். எழுவரும் அதனைச் சுற்றி அமர்ந்தோம். அப்பொழுதே தெரிந்தது, அது ஒரு நாடன்று, ஒரு கண்டம் என்பது.

முதலில் வாய் திறந்தவர் நம் துணைவியார். நயாகரா அருவியைக் காணாமல் ஊர் திரும்பினால் அண்டை வீட்டார் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்பது அவர் கேள்வி. அருவிக்கரையை 1885இல் நியூயார்க் மாநிலம் பொதுப் பூங்காவாக்கியது. அருவியின் அடிவரை சென்று நீர்த்துளியில் நனைவிக்கும் படகு அதற்கும் முன்னரே, 1846இல் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் அருவியின் முழு முகத்தையும் நேர் எதிரே நின்று காண வேண்டுமாயின் பாலத்தைக் கடந்து கனடாவுக்குள் செல்ல வேண்டும். அதற்குத் தனி விசா தேவை. நம்மிடம் அது இல்லை. தம்பி இதனை எடுத்துரைத்ததும், “குற்றாலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் குற்றாலம்தானே?” என்று துணைவியார் கேட்டார். அதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை.

மகன் விரும்பியது ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரை. வால்ட் டிஸ்னி மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1971 அக்டோபரில் திறக்கப்பெற்ற கேளிக்கை உலகம் அங்கே இருக்கிறது. சதுப்பு நிலத்தைத் திருத்தி ஓர் ஊரையே எழுப்பிய அம்முயற்சி வியக்கத்தக்கதுதான். ஆயினும் ஒருநாள் நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 100 டாலருக்கும் மேல் என்றார்கள். எழுவருக்கு எவ்வளவு, விமானக் கட்டணம் எவ்வளவு, அது நம் ஊதியத்தில் எத்தனை மாதத்துக்குரியது என்று மனத்துக்குள் கணக்கிட்டு மௌனமானோம். செலவு முழுவதும் தம்பியுடையது. மூத்தவன் கை நீளாமல் இளையவன் கை நீளும் இடத்தில், மூத்தவனின் நாவும் சற்றுக் குறுகிவிடுகிறது.

தம்பி மகளுக்கு வயது பத்து. பள்ளியில் பாடமாகப் படித்திருந்த அரிசோனா மாநிலத்துப் பெரும்பள்ளத்தாக்கை அவள் விரும்பினாள். கொலராடோ ஆறு ஊழிக்காலமாக அறுத்து உண்டாக்கிய பிளவு அது. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேல். ஒவ்வொரு பாறை அடுக்கும் ஓர் ஊழியின் ஏடு என்று அச்சிறுமி விளக்கியபோது, ஆசிரியர் பணியே கைமாறிவிட்டதோ எனத் தோன்றியது. தம்பி மனைவியின் விருப்பமோ ஹியூரான் ஏரியில் உள்ள மாக்கினாக் என்னும் சிறு தீவு. மோட்டார் வண்டிகள் ஊருக்குள் ஓடலாகாது என்று 1898இல் விதித்த தடையை இன்றளவும் காத்துவரும் ஓய்வுத் தலம் அது. அங்கே குதிரை வண்டியும் மிதிவண்டியும்தாம். வாரம் முழுவதும் கார் ஓட்டி அலுத்த பெண்மணிக்கு அவ்விருப்பம் நியாயமானதே.

இடையில், தம்பியின் அலுவலக நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர் லாஸ் வேகாஸ் நகரைப் பரிந்துரைத்தார். நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பின் பாலைவனத்தின் நடுவே ஓங்கி வளர்ந்த ஊர் அது என்பதைத் தாயாரிடம் தம்பி மெல்லக் கூறினான். “இந்த வயசுல சூதாடுற ஊருக்கா?” என்று தாயார் புருவத்தை உயர்த்தினார். நண்பரோ தளரவில்லை. அங்கே செல்வோர் எல்லாரும் சூதாடுவதில்லை என்றும், நீரூற்றுகளையும் ஒளியலங்காரத்தையும் காண வருவோரே மிகுதி என்றும், பெரும்பள்ளத்தாக்குக்கு அதுவே வாயில் என்றும் நயம்பட எடுத்துரைத்தார். நேர்மையாகச் சொன்னால், அவர் கூற்றில் பிழையில்லை. கலிபோர்னியாவிலிருந்து நம் சாச்சா மகன் தொலைபேசியில் அழைத்து, 1937இல் திறக்கப்பெற்ற சான் பிரான்சிஸ்கோவின் தொங்குபாலத்தை மூடுபனி மூடி விலகும் காட்சிக்கு ஈடில்லை என்று அரைமணி நேரம் வர்ணித்தார். நாம் வாஷிங்டன் என்றோம். தலைநகர் என்பது ஒரு காரணம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்பது மற்றொரு காரணம். இரண்டாவதை வெளியில் சொல்லவில்லை.

இத்தனை ஊர்களும் வரைபடத்தின் மேல் பரவிக் கிடந்ததைக் கண்டதும், பழக்கதோஷத்தால் அவற்றைத் திணை பிரிக்கத் தொடங்கினோம். வெள்ளிச் சுரங்கத்தால் தோன்றிப் பின்னர் பனிச்சறுக்கால் புகழ்பெற்ற ஆஸ்பென் முதலிய மலைவாழிடங்கள் குறிஞ்சி. 1872இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற யெல்லோஸ்டோன் காடு முல்லை. நியூயார்க்கும் வாஷிங்டனும் மருதம். மயாமியும் ஹவாயும் நெய்தல். லாஸ் வேகாஸ் சொல்லவே வேண்டியதில்லை, பாலை. “காக்கா வகுப்பை ஆரம்பிச்சுட்டாங்க” என்று தம்பி நகைத்தான். அனைவரும் நகைத்தனர். மணி பதினொன்றை நெருங்கியும் முடிவு எட்டப்படவில்லை.

அதுவரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அமர்ந்திருந்த தாயார் அப்பொழுது கேட்டார்: “நான் ஒரு ஊர் சொல்லலாமா?”

நாம் எவரும் அவரைக் கேட்கவில்லை என்பது அக்கணத்தில்தான் உறைத்தது. முழங்கால் வலியுள்ள முதியவர், எங்கே அழைத்துச் சென்றாலும் வருவார் என்பதே அனைவரின் எண்ணமாக இருந்திருக்கிறது.

“சிகாகோவுக்குப் போவோம். இவன் வாப்பாவுக்காக ஒத்தையில நின்னு அழுத எடத்தை நான் பாக்கணும்.”

நகைப்பொலி நின்றது. தம்பி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். 2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் தந்தையார் இறையடி சேர்ந்தார். அப்பொழுது தம்பி சிகாகோவில் முதுநிலைப் பட்டம் பயின்றுகொண்டிருந்தான். வீட்டை அடமானம் வைத்துப் பெற்ற கடனில் அவன் படிப்பு நடந்துகொண்டிருந்தது. தந்தையார் மறைந்தது வைகறைத் தொழுகை வேளையில். அஸருக்குப் பின் நல்லடக்கம் என ஊர்ப் பெரியோர் முடிவு செய்தனர். தொலைபேசியில் தம்பியை அழைத்தவர் நாமே. “நீ வந்து சேர இரண்டு நாள் ஆகும். முகத்தைக் காண முடியாது. பயணச்சீட்டுக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டும். வரவேண்டாம், படிப்பை முடி” என்று கூறியவரும் நாமே. அவன், “சரி காக்கா” என்ற ஒரு சொல்லுடன் நிறுத்திக்கொண்டான். அன்று நமக்கு வயது இருபத்தாறு. குடும்பப் பொறுப்பு தோளில் விழுந்த முதல் நாளில் எடுத்த முதல் முடிவு அது. சரியான முடிவென்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

தாயார் அறிந்திருந்த ஒன்றை நாம் அறியாதிருந்தோம். நம் ஊரில் மாலை நான்கரை மணிக்கு ஜனாஸா வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, சிகாகோவில் அதே நாளின் அதிகாலை ஐந்து மணி. தம்பி தன் அறையிலிருந்து இருளிலும் பனியிலும் நடந்து ஏரிக்கரைக்குச் சென்று, தனியே காயிப் ஜனாஸாத் தொழுதிருக்கிறான். பொழுது புலரும் வரை அங்கேயே நின்றிருக்கிறான். பல நாள் கழித்துத் தாயாரிடம் மட்டும் அதனைக் கூறியிருக்கிறான். பதினெட்டு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் அந்த ஏரிக்கரை இருந்திருக்கிறது.

வரைபடம் மடித்து வைக்கப்பட்டது. அதன்பின் எந்த ஊர் என்னும் பேச்சே எழவில்லை.

கொலம்பஸிலிருந்து சிகாகோ ஏறத்தாழ ஆறு மணி நேரக் கார்ப் பயணம். இந்தியானா மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விளைநிலங்கள். அவற்றின் நடுவே நெடுவரிசையாகக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. “ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்கே” என்றார் துணைவியார். அதன்பின் நயாகராவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

தாயாரின் பொருட்டுத் தேர்ந்த ஊராயினும், சிகாகோ எவருக்கும் குறை வைக்கவில்லை. 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் ஒரு பகுதி எரிந்து, அந்தச் சாம்பலின் மேல் வானுயர் கட்டடங்களை எழுப்பிக்கொண்ட ஊர் அது. 1893இல் உலகச் சமய மாநாட்டில் விவேகானந்தர் உரையாற்றிய கட்டடம் இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. ஆர்லாண்டோவை இழந்த வருத்தத்தில் இருந்த மகன், 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட வில்லிஸ் கோபுரத்தின் 103ஆம் தளத்தில் ஏறி நின்றதும் அனைத்தையும் மறந்தான். 1973இல் முழு உயரத்தை எட்டியபோது சியர்ஸ் கோபுரம் எனப் பெயர் பெற்றிருந்த அது, ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் உலகின் மிக உயர்ந்த கட்டடமாகத் திகழ்ந்தது.

அதன் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்து, 1952இல் மேற்படிப்புக்காக இல்லினாய்ஸ் மாநிலம் சென்றவர். மூங்கில் உள்ளீடற்றிருந்தும் காற்றுக்கு நின்று பிடிப்பதுபோல், கட்டடத்தின் வலிமையை அதன் புறச்சுவரிலேயே அமைக்கலாம் என்பது அவர் கண்ட நெறி. ஒன்பது சதுரக் குழாய்களை ஒரே கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்றதே இக்கோபுரம். ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தில் வெண்ணிறக் கூடாரங்களாக விரிந்திருக்கும் மேற்கூரையை வடிவமைத்த குழுவில் முதன்மையானவரும் இவரே. 1982இல் அதே ஜித்தாவில் உயிர் நீத்தார். உடல் சிகாகோவுக்குக் கொண்டுவரப்பெற்று அடக்கம் செய்யப்பட்டது.

இதனைத் தம்பி விளக்கியபோது தாயார் வியப்புற்றார். 1998இல் தந்தையாரும் தாயாரும் ஹஜ் கடமையை நிறைவேற்றச் சென்றபோது, அக்கூடாரங்களின் நிழலில்தான் பேருந்துக்காகப் பல மணி நேரம் காத்திருந்தனர். “அந்த வெயில்ல அங்கே மட்டும் காத்து வந்துச்சு. உங்க வாப்பா என் மடியில தலை வச்சுத் தூங்கிட்டாங்க” என்றார். மறுநாள் கிரேஸ்லாந்து கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுமாறு அவரே கேட்டார். அங்கே அந்தப் பொறியாளரின் அடக்கவிடத்தின் முன் நின்று ஃபாத்திஹா ஓதினார். மண்ணில் நிழல் தந்தவர்க்குச் செலுத்த வேண்டிய நன்றி அது.

அன்றிரவு டெவான் வீதியில் உணவு. ஹலால் உணவகங்களும் புடவைக் கடைகளும் நிறைந்த அவ்வீதியின் ஒரு பகுதிக்குக் காந்தியின் பெயரையும், மற்றொரு பகுதிக்கு ஜின்னாவின் பெயரையும் சிறப்புப் பெயராகச் சூட்டியிருக்கின்றனர். ஊரில் பிரிந்த இருவரும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றனர்.

மூன்றாம் நாள் அதிகாலை நகரின் தென்பகுதிக்குச் சென்றோம். வழியில் சிகாகோ பல்கலைக்கழகம். 1962 முதல் 1993இல் மறையும் வரை அங்கே பேராசிரியராக விளங்கியவர் ஏ.கே. இராமானுசன். 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலமாக்கி வெளியிட்டு, நம் அகத்திணை மரபை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு உணர்த்தியவர் அவர். அந்நூலுக்கு ‘உள்ளே இருக்கும் நிலம்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். வண்டியை நிறுத்தச் சொல்லி, அக்கற்கட்டடங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மீண்டும் ஏறினோம்.

மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்லுவதற்கு நா கூசும். அதன் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றே சிறியது. மறுகரை தெரியாது. உப்பு மணம் ஒன்றுதான் இல்லை. மே மாதமாயினும் குளிர்காற்று வீசியது. தாயாரைச் சக்கர நாற்காலியில் கரைவரை கொண்டு சென்றோம்.

“எந்த எடம்?”

தம்பி கரையோரக் கற்படிகளைக் காட்டினான். அன்று கரையெங்கும் பனிக்கட்டி உறைந்திருந்தது என்றும், காலுறை நனைந்து கால் மரத்துப் போனது என்றும் கூறினான். தாயார் நாற்காலியை விட்டு இறங்கி, அவன் தோளைப் பற்றிக்கொண்டு அப்படிவரை நடந்தார். கிப்லா எப்பக்கம் எனக் கேட்டறிந்து, விரிப்பை விரித்து அமர்ந்தவாறே இரண்டு ரக்அத் தொழுதார். தொழுது முடித்து நெடுநேரம் துஆ ஓதினார். சூரியன் நீருக்கு மேல் எழுந்து வந்தது.

தாயார் நாற்காலிக்குத் திரும்பிய பின், நாமும் தம்பியும் படியருகே நின்றோம். பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னோம்: “அன்றைக்கு உன்னை வரவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் சற்று நேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டு, “அது பரவாயில்லை காக்கா. யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். வந்திருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்க முடியாது” என்றான். பின்னர், “ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை போன் பண்ணீங்க. கடனைப் பத்திப் பேசினீங்க, பரீட்சையைப் பத்திக் கேட்டீங்க. நீ எப்படி இருக்கேன்னு மட்டும் கேக்கலை” என்றான்.

அவன் குரலில் சினம் இல்லை. நினைவுபடுத்திப் பார்த்தோம். அவன் சொன்னது உண்மை. மன்னிப்புக் கேட்க வேண்டியது நாம் நினைத்திருந்த பிழைக்கன்று, நாம் நினைத்தே பாராத பிழைக்கு. கேட்டோம். அவன் நம் கையைப் பற்றிக்கொண்டான். பிறகு வண்டிக்குத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் தொல்காப்பியம் நினைவில் நின்றது. முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்பது ஆசிரியர் கருத்து. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் விலங்கும் உணவும் தொழிலும் கரு. அங்கே வாழ்வோர் நெஞ்சில் நிகழ்வது உரி. அன்றிரவு வரைபடத்தைச் சுற்றியமர்ந்த நாம் அருவியின் உயரத்தையும், பள்ளத்தாக்கின் ஆழத்தையும், நுழைவுச் சீட்டின் விலையையும் பேசினோம். முதலும் கருவுமே நம் பேச்சு. திணை பிரித்துக் காட்டிப் பெருமிதமும் கொண்டோம். உரிப்பொருளைக் கண்டவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய நம் தாயார்.

இவ்விதழைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை கடல் கடந்து செல்வீர்கள். அமெரிக்காவில் எந்த ஊர் சிறந்தது என்று நம்மிடம் கேட்போரும் உளர். நயாகரா சிறந்தது, பெரும்பள்ளத்தாக்கும் சிறந்தது, பொருளும் பொழுதும் வாய்ப்பின் அனைத்தையும் காணுங்கள். ஆனால் எவ்வூர் செல்வது என்று குடும்பம் கூடி முடிவு செய்யும் பொழுது, அவையில் பேசாதிருப்பவர் எவரோ அவரிடம் ஒருமுறை கேளுங்கள். அவ்வாறே, உங்கள் உடன்பிறந்தார் எவரேனும் தொலைதூரத்தில் இருப்பாராயின், கடனையும் தேர்வையும் விசாரிக்கும் முன் அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். நாம் பதினெட்டு ஆண்டுகள் தாழ்த்திக் கேட்டோம். இப்பொழுது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பின் தம்பியை அழைக்கிறோம். முதற்கேள்வி அதுவே.